குண்டளைப் புல்வெளியும் நம் முழங்காலும்

கோல்ஃப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குச் சினிமாதான்! கதாநாயகியின் அப்பா பெரிய மில் முதலாளியாக இருப்பார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் வளைந்த மட்டை. ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மிஸ்டர் ராமநாதன், உங்க பையனுக்கு என் பொண்ணைக் கொடுக்கிறதா இல்லே!" என்பார். அதோடு காட்சி முடிந்துவிடும். பந்து எங்கே போனது என்று யாரும் காட்டினதே கிடையாது.

அந்தப் பந்து எங்கே போகிறது, அதன் பின்னாலே மனிதர்கள் எதற்காக நடக்கிறார்கள் என்பதை மூணாறு மலையில் ஒரு சின்ன மைதானத்தின் வேலி ஓரமாக நின்று தெரிந்துகொண்டேன். பணக்காரர் விளையாட்டில் நமக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நம் சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் உபயோகமான சேதி அங்கே இருக்கிறது.

மலைமேல் ஒன்பது குழி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தாண்டினால் குண்டளை வந்துவிடும். 1946-ல் கட்டிய அணையும், அதன் பின்னே ஏரியும், சுற்றிலும் பாய் விரித்த மாதிரி தேயிலையும். ஏறக்குறைய 6,000 அடி உயரம். சித்திரை வெயிலிலும் காலையில் ஸ்வெட்டர் தேடுகிற குளிர்.

இங்கேதான் குண்டளை கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெரிய நகரத்து மைதானங்களில் பதினெட்டுக் குழிகள் உண்டு. இங்கே ஒன்பதே ஒன்பதுதான். முழு ஆட்டம் ஆடவேண்டும் என்றால் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி முதல் குழிக்கே வந்து இன்னொரு சுற்றுப் போகலாம். நம் வீட்டில் நாலு டம்ளரை வைத்துக்கொண்டு எட்டு விருந்தாளிக்குக் காபி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி!

இந்த மலைகளில் தேயிலை வருவதற்கு முன்னால் உச்சியெல்லாம் புல்லும், மடிப்புகளில் சோலைக் காடும்தான். 1877-ல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து இந்தக் கண்ணன் தேவன் மலைகளை வாங்கினார். அதன் பிறகு தோட்டங்கள் வந்தன. தோட்டங்களில் வேலை செய்ய நம் திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மலையேறினார்கள். ஊரை விட்டுத் தனியே கிடந்த துரைமார்கள் சாயங்காலப் பொழுது போக கிளப் கட்டிக்கொண்டார்கள், புல்வெளியில் குழி தோண்டிக் கோல்ஃப் ஆடினார்கள்.

குண்டளைப் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்திலே ரயில் கூட ஓடியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகள் அதில் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வந்து சேரும். 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி அதைக் கட்டவே இல்லை.

"நாங்க நடக்காத நடையா?"

எங்களுக்கு ஊர் போடி. என் பெரியம்மா மகள் குண்டளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். மருமகள் அதே தோட்டத்தில் வேலை பார்ப்பதால் லயத்து வீட்டிலேயே இருக்கிறாள். பள்ளி லீவில் நானும் இவரும் மகளும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம்.

போவதற்கு ஒரு வாரம் முன்புதான் எனக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நடுவிலே இருப்பது எச்சரிக்கை மணி. "மாத்திரை இப்போ வேண்டாம். தினம் நடங்க, சாதத்தைக் குறைங்க" என்றார் டாக்டரம்மா.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "நடந்தா வியாதி போயிருமா? நாங்க நடக்காத நடையாத்தா? முப்பது வருசம் மேடும் பள்ளமும் ஏறி எறங்கியாச்சு. எனக்கு மூட்டுவலியும் இருக்கு, பிரஸரும் இருக்கு. இதுக்கு என்ன சொல்றா உங்க டாக்டரம்மா?"

கேள்வி நியாயமானதுதானே? நம்மில் பலரும் இதையேதான் வேறு விதமாகக் கேட்கிறோம். "காலையில் அஞ்சு மணியிலேர்ந்து அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகிட்டே இருக்கேன். இதுக்கு மேல ஒரு நடையா?" என்று. இந்தக் கேள்விக்கான பதில் அடுத்த நாள் காலை வேலி ஓரத்தில் கிடைத்தது.

பந்தின் பின்னாலே

ஏரி பார்க்கக் கிளம்பிய நாங்கள் வழியில் மைதானத்தருகே நின்றோம். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. ஒருபுறம் தேயிலைச் சரிவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பில் ரப்பர் ஷீட்டைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்கள். இன்னொரு புறம் பச்சைப் புல்லில் மூன்று பேர், அறுபது வயதுக்கு மேலிருக்கும், நிதானமாக நடந்து போகிறார்கள்.

வேலி அருகே புல்லைச் சீராக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் மகளின் ஓயாத கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பந்து எலுமிச்சம்பழ அளவுதான். விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். இது உலகத்தில் எந்த மைதானத்திலும் ஒன்றுதான். தொடங்கும் இடத்திலிருந்து குழி பல நூறு அடி தள்ளி இருக்கும். எத்தனை குறைவான அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறோமோ அத்தனை சமர்த்து. கிரிக்கெட்டில் எண் ஏறினால் வெற்றி. இங்கே எண் குறைந்தால் வெற்றி, நம் மளிகை பில் மாதிரி!

"பந்து மேல ஏன் தாத்தா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு?" என்றாள் மகள். அதற்கு ஒரு கதை உண்டு. முன்காலத்தில் மரப்பால் பிசினில் வழவழவென்று பந்து செய்தார்கள். புதுப் பந்தைவிட அடிபட்டுச் சொரசொரப்பான பழைய பந்து அதிக தூரம் போவதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். பிறகு வேண்டுமென்றே பந்தின் மேல் அடையாளங்களைப் பதிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சின்னக் குழிகள் பந்தைச் சுற்றியுள்ள காற்றைப் பந்தோடு ஒட்டி ஓட வைக்கின்றன. அதனால் பின்னாலிருந்து இழுக்கும் விசை குறைகிறது. காற்று லேசாக இருக்கும் மலை உயரத்தில் அதே அடி சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும்.

மட்டைப் பையைத் தூக்கி வருபவருக்கு 'கேடி' என்று பெயர். நம் ஊர் கேடி இல்லை, பயப்படாதீர்கள்! ஒரு பையில் பதினாலு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம்.

"அடிக்கிறது ஒரு நிமிசம்மா. மத்ததெல்லாம் நடைதான்" என்றார் பெரியவர். உண்மைதான். பந்தை அடிப்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அப்புறம் பந்து விழுந்த இடம் வரை புல்லிலே நடக்கவேண்டும். ஒன்பது குழிச் சுற்று முடிவதற்குள் மூன்று, நாலு கிலோமீட்டர் ஆகிவிடும். பதினெட்டுக் குழி என்றால் ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாது.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "முப்பது வருசமா இந்த வழியாப் போறேன். அவுக எதுக்கு நடக்கிறாகன்னு இன்னைக்குத்தான் பாக்கேன். கையில சுமை இல்லை. யாரும் 'சீக்கிரம்'னு சொல்லலை. நின்னு மேகத்தைப் பாக்கிறாக, திரும்ப நடக்கிறாக. இது வேற நடை தாயி!"

வேலை நடையும் சொந்த நடையும்

அக்கா சொன்னதைத்தான் இப்போது ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். வேலைக்காகச் செய்யும் கடும் உழைப்பும், ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியும் உடம்புக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

ஏன் அப்படி? கொழுந்து எடுக்கிற பெண் சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி மணிக்கணக்காகக் குனிந்து நிற்கிறாள். மூட்டை நிறைந்ததும் தலையில் ஏற்றி எடை போடும் இடத்துக்கு நடக்கிறாள். வலித்தாலும் நிறுத்த முடியாது. ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியே நிற்கிறது, இறங்கி ஆற நேரமில்லை. பயிற்சி நடையிலோ கை வீசுகிறது, மூச்சு ஒரே சீராகக் கொஞ்சம் வேகமாகிறது, அரைமணி ஆனதும் ஓய்வு. இதயம் அதிலேதான் பலப்படுகிறது.

நம் வீட்டு வேலையும் பாதி இந்த ரகம்தான். நாலடி நடந்து, நின்று, குனிந்து, மறுபடி நாலடி. களைப்பு வருகிறது, ஆனால் மூச்சு வாங்கும் வேகம் தொடர்ந்து பத்து நிமிஷம் கூட நீடிப்பதில்லை. வீட்டு வேலை வீண் என்று சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பதைவிட எந்த அசைவும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடலியக்கம் தேவை என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும்.

கோல்ஃப் ஆடுபவர்களைப் பற்றியே ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஸ்வீடன் நாட்டில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மூன்று லட்சம் ஆட்டக்காரர்களின் விவரங்களைப் பார்த்து 2008-ல் சொன்னார்கள்: அதே வயது, அதே வசதி உள்ள மற்றவர்களைவிட இவர்களிடையே மரண விகிதம் 40 சதவீதம் குறைவு. ஏறக்குறைய ஐந்து வருஷ ஆயுள் கூடுதல் என்று அர்த்தம். ஆட்டக்காரர்களுக்கு மற்ற நல்ல பழக்கங்களும் இருக்கலாம் என்பதால் எல்லாப் புகழையும் மட்டைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் திறந்த வெளியில், நாலு பேருடன் பேசிக்கொண்டு, சில மணி நேரம் நடக்கிறார்களே! அதற்கு மட்டை எதற்கு?

பெண்ணுக்கு எவ்வளவு புல்?

இந்த விளையாட்டில் பெண்களின் கதையும் சுவாரசியமானது. கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், 1867-ல் பெண்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது சின்னத் துண்டு நிலம். குழிக்கு அருகிலிருந்து பந்தை மெல்லத் தட்டிவிடும் ஆட்டம் மட்டும்தான். தோளுக்கு மேலே மட்டையை ஓங்குவது பெண்ணுக்கு அழகில்லை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அதே ஊரின் புகழ்பெற்ற ஆண்கள் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பது என்று முடிவெடுத்தது எப்போது தெரியுமா? 2014-ல்!

நம் நாட்டுப் பெண் ஒருத்தியும் இதிலே பெயர் வாங்கியிருக்கிறாள். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பிடித்தாள். பதக்கம் மயிரிழையில் தப்பியது. 2023-ல் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினாள். டோக்கியோவில் அவளுக்கு மட்டைப் பை தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவள் அம்மா!

இதைச் சொன்னதும் என் மகள், "நான் ஆடினா நீ பை தூக்குவியாம்மா?" என்றாள். "ஸ்கூல் பையையே நான்தானே தூக்கறேன்!" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த அரைமணியை எங்கிருந்து எடுப்பது?

இதுதான் நம் நிஜமான பிரச்னை, இல்லையா? மைதானம் இல்லாததல்ல. நமக்கென்று அரைமணி கேட்க வாய் வருவதில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நடக்கப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற தயக்கம்.

ஊர் திரும்பிய அன்று ராத்திரி இவரிடம் சொன்னேன். "என்னங்க, நாளையிலேர்ந்து காலை ஆறு மணியிலேர்ந்து ஆறே முக்கால் வரை நான் வீட்டிலே இல்லை." இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்போ காபி?" "பால் ஃப்ரிட்ஜிலே, டிகாக்‌ஷன் ஃபில்டரிலே!" முதல் இரண்டு நாள் காபி கழுநீர் மாதிரி இருந்ததாம். மூன்றாம் வாரம் எனக்கும் சேர்த்துப் போட்டு மூடி வைத்திருந்தார். மகள் தன் டிபன் டப்பாவைத் தானே கட்டக் கற்றுக்கொண்டாள். நான் இல்லாத முக்கால் மணியில் வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. 5.9! நடையோடு, ராத்திரிச் சாதத்தையும் பாதியாகக் குறைத்திருந்தேன். "இதை விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

உங்களுக்குச் சில யோசனைகள்:

* பக்கத்து வீட்டம்மாளோடு போட்டி வேண்டாம். கோல்ஃபில் அவரவர் திறமைக்குத் தக்கபடி சில அடிகளைக் கழித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அதனால் கற்றுக்குட்டியும் கெட்டிக்காரரும் சேர்ந்தே ஆடலாம். நடையிலும் உங்கள் கணக்கு உங்களுக்கு.

* தினம் பத்தாயிரம் அடி வைத்தே தீரவேண்டும் என்று பயப்படாதீர்கள். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்களிடம் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

* வேகம் எவ்வளவு? பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

* கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்த இளம் தாய்மார்கள், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மெல்ல நடக்க ஆரம்பியுங்கள்.

* வெளியே போக முடியாத நாளில் சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடந்தாலும் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

* மூட்டுவலி இருப்பவர்கள் மேடு பள்ளத்தைத் தவிர்த்து, சமதளத்தில், மெத்தென்ற செருப்போடு நடக்கலாம். நடக்கும்போது வலி கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

* குண்டளைப் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு: கோல்ஃப் மைதானம் கிளப்புக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். மழைக் காலத்தில் புல்லில் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். யானை நடமாடும் பகுதி என்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

போன மாதம் அக்கா போனில் கூப்பிட்டாள். லயத்திலிருந்து ரோடு வரை உள்ள சமதளத்தில் தினம் சாயங்காலம் நடக்கிறாளாம். ஓய்வு பெற்ற இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்களாம். "வலி போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. என் மருமக கேக்கிறா, 'எங்கத்தே போறீக?'ன்னு. எங்கேயும் போகலை, சும்மா நடக்கிறேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லிப் பாக்கிறதே ஒரு சந்தோசமா இருக்கு தாயி!"

நீங்களும் ஒருநாள் அப்படிச் சொல்லிப் பாருங்களேன்.